அத்தர்க் குப்பியில் ஒரு சாட்சி



உங்கள் இல்லத்தில் விளக்கின் கீழோ, தலையணை ஓரத்திலோ, இதற்குமுன் கண்டிராத பூச்சி ஒன்று ஊர்ந்து வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோரின் கை செருப்பைத்தான் தேடும். செருப்பு எட்டவில்லையென்றால் உள்ளங்கையாலேயே ஓர் அடி. நானும் நாற்பத்தைந்து வயதுவரை அவ்வாறே செய்து வந்தவன். அது என்ன பூச்சி, எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று குனிந்து பார்த்தவனல்லன். மதரஸாவில் ஓதிக்கொடுப்பது என் தொழில். கல்லூரியில் பயின்றதோ வரலாறு. பூச்சிக்கும் எனக்கும் என்ன உறவு என்றிருந்தேன். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஓர் அரிசியைவிடச் சற்றே நீளமான பூச்சியொன்று, இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் ஈட்டிய பெயரை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில், மூன்று புறமும் நெல்வயல் சூழக் கிடப்பது. மதரஸாவின் பின்சுவரைத் தாண்டினால் வரப்புதான். மஃரிபுக்குப் பின் இஷா வரையில் சிறுவர் சிறுமியருக்கு வகுப்பு நடக்கும். அந்த ஆண்டு, வெளிநாட்டில் பணிபுரியும் அன்பர் ஒருவர், பிள்ளைகளின் கண் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், பழைய மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. குழல் விளக்குகள் ஆறு போட்டுக் கொடுத்தார். வயலின் நடுவில் நின்று பார்த்தால் எங்கள் மதரஸா ஒரு கல்யாண வீடுபோல் தெரியும். ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு, வலை கிடையாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சம்பா வயல்களில் நீர் நின்றது. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் அடர்ந்தன. பிள்ளைகள் ஓதிக்கொண்டே கழுத்திலும் கையிலும் தட்டிக்கொண்டார்கள். "ஆடாமல் ஓதுங்கள்" என்று அதட்டியதுதான் அவ்விஷயத்தில் நான் காட்டிய அக்கறை.

ஒரு வியாழன் இரவு வகுப்பு வழமைபோல் முடிந்தது. மறுநாள் வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை, எட்டு வயது மாணவன் ஒருவனுக்கு (பெயர் வேண்டாம், தம்பி என்றே குறிப்பிடுகிறேன்) தலைவார உட்கார்ந்த அவன் தாயார், இடது காதின் கீழிருந்து தோள்வரை விரல் நீளத்திற்குச் சிவந்து தடித்த பட்டை ஒன்றைக் கண்டார். ஓரங்கள் வீங்கியிருந்தன, நடுவில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். வலது கையிலும் அதுபோலொன்று. என்னவென்று கேட்டதற்கு அவன் தெரியாது என்றான். ஹஜ்ரத் அடித்தாரா என்று கேட்டதற்கு இல்லை என்றான். தாயார் அதை நம்பவில்லை. பயந்து மறைக்கிறான் என்று எண்ணிவிட்டார். அவரை நான் குறை கூறமாட்டேன். பிற்பாடு அந்தக் கழுத்தை என் கண்ணால் பார்த்தபோது, அது பிரம்படித் தழும்பு என்றே எனக்கும் தோன்றியது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுதியாக வேண்டும். 1999-இல் இப்பணிக்கு வந்தபோது என் கையில் பிரம்பு இருந்தது. காட்சிக்காக வைத்திருந்த பிரம்பல்ல. 2011-இல், வேறோர் ஊரில் விடுதியில் தங்கி ஓதிய என் மகன் முதுகில் ஒரு கோட்டுடன் வீடு வந்து சேர்ந்த அன்றுதான் அதை முறித்து அடுப்பில் போட்டேன். பதினோராண்டுகள் எந்தப் பிள்ளை மீதும் கை வைக்கவில்லை. ஆயினும் ஊரார் நினைவில் நிற்பது நான் முறித்துப்போட்ட பிரம்பல்லவே. அதிலும் தம்பியின் அத்தா என்னிடம் ஓதியவர். 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்து வயது. பாடம் ஒப்பிக்கத் தவறியதற்காக என்னிடம் அடி வாங்கியவர்களில் ஒருவர்.

அவர் வளைகுடாவிலிருந்து அன்று மாலையே தொலைபேசியில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "ஹஜ்ரத், நீங்க அடிச்சப்ப நானும் வீட்ல சொல்லலை. என் மகனும் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அன்றிரவு நான் உண்ணவில்லை.

ஞாயிறன்று நாற்பது பிள்ளைகள் வரும் வகுப்பிற்குப் பதினேழு பேர் வந்தனர். விசாரித்து முடிக்கும்வரை சற்று ஒதுங்கி இருக்குமாறு ஜமாஅத் நிர்வாகத்தார் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். இதற்கிடையில் அந்தப் புண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தம்பியின் பாட்டியார் அக்கி என்றார்; குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று காவி எழுத வேண்டும் என்றார். பக்கத்து வீட்டார் பல்லி மூத்திரம் என்றனர். இன்னொருவர், சிலந்தி நக்கியிருக்கும் என்றார். ஒரே புண்ணுக்கு, என் பிரம்பையும் சேர்த்து, நான்கு காரணங்கள்! ஒவ்வொருவரும் தாம் முன்பே அறிந்திருந்ததை அந்தக் கழுத்தில் பார்த்துவிட்டார்கள்.

திங்களன்று தம்பியின் தாய்மாமன் அவனை மாவட்டத் தலைநகரில் உள்ள தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் வருகிறேன் என்றேன். அவர் சம்மதித்தாலும் வழி முழுதும் என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவர் கழுத்தைப் பார்த்தார். பிறகு தம்பியின் வலது கையை நீட்டச் சொன்னார். முழங்கையின் உட்புறம், மடிப்புக்கு மேலே ஒரு புண். மடிப்புக்குக் கீழே அதே வடிவில், அதே அளவில் இன்னொரு புண். கையை மெல்ல மடக்கினார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. ஈரமை காயுமுன் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் அதே எழுத்துகள் திரும்பிப் பதியுமே, அப்படி. "எந்தப் பிரம்பு இப்படி மடிப்புக்குள் போய் இரண்டு பக்கமும் ஒன்றுபோல அடிக்கும்?" என்று தாய்மாமனைப் பார்த்துக் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அருகில் நெல்வயல் உண்டா? இரவில் வெள்ளை விளக்கின் கீழ் உட்காருகிறானா? எரிச்சல் உடனே வந்ததா, ஒருநாள் கழித்து வந்ததா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றோம். மூன்றாவதற்குத் தம்பியே பதில் சொன்னான்: வியாழன் இரவு ஒன்றுமில்லை, வெள்ளி இரவு படுக்கும்போதுதான் எரிந்தது என்று. பிரம்படி பட்ட மாத்திரத்தில் வலிக்கும். இது ஒருநாள், சிலருக்கு இரண்டு நாள் கழித்தே வெளிப்படும் என்றார் மருத்துவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறு வண்டை வரைந்து காட்டினார். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. தோலின்மேல் வைத்து நசுக்கும்போது அதன் உடல்நீரிலுள்ள நஞ்சு பட்டுத்தான் இப்படிப் புண்ணாகிறது என்று விளக்கினார். களிம்பு எழுதித் தந்தார். இரண்டு வாரத்தில் ஆறிவிடும், கறுத்த தடம் மட்டும் சில மாதம் நிற்கும் என்றார். அவ்வாறே ஆயிற்று.

ஆனால் மருத்துவரின் சொல் ஊருக்குப் போதுமா? கண்ணால் காண ஒரு பொருள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவு மோதினாரும் நானும் ஆளில்லாத மதரஸாவில் ஆறு விளக்குகளையும் எரியவிட்டு, என் வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். ஈசல் வந்தது, பச்சைத் தத்துப்பூச்சி வந்தது, அந்துப்பூச்சி வந்தது. எட்டு மணிக்குமேல் ஓர் எறும்பு வேட்டியின்மேல் விறுவிறுவென ஓடிற்று. எறும்புதானே என்று நான் ஊதிவிடப் போனேன். மோதினார்தாம், "ஹஜ்ரத், அது வாலைத் தூக்குது" என்றார். அவர் சொன்னது சரி. தேள்போல் வாலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டே ஓடிற்று.

ஒரு காகிதத் துண்டில் ஏறவிட்டு, காலியான அத்தர்க் குப்பியில் தட்டி மூடினோம். பொடி எழுத்துக் கித்தாபுகளை வாசிக்க நான் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வாசகர்களே, இதை நன்கு கவனித்துக்கொள்ளுங்கள். நீளம் ஏழு முதல் பத்து மில்லிமீட்டர். அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவே. தலை கறுப்பு. கழுத்துப் பகுதி செம்மஞ்சள். அதற்கடுத்து நீலமும் பச்சையுமாக மினுங்கும் ஒரு சிறு கவசம். அதன்பின் மீண்டும் செம்மஞ்சள் நிற வயிறு. வயிற்றின் நுனி கறுப்பு. கறுப்பும் செம்மையும் மாறிமாறி வளையமிட்டதுபோல் இருக்கும். அந்த நீலக் கவசம்தான் இதன் இறக்கையுறை. மற்ற வண்டுகளுக்கு அது முதுகு முழுவதையும் மூடும். இதற்கோ அரைச்சட்டைபோல் பாதி முதுகோடு நின்றுவிடுகிறது. எனவேதான் வண்டாகத் தோன்றாமல் எறும்பாகத் தோன்றுகிறது. உண்மையான இறக்கைகள் அந்தச் சின்ன உறைக்குள் மடித்து மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எறும்பின் பெயராலும், தேனீயின் பெயராலும், சிலந்தியின் பெயராலும் அமைந்த அத்தியாயங்களை ஆண்டாண்டாய் ஓதிக்கொடுக்கும் நான், எறும்புக்கும் எறும்பல்லாததற்கும் வேறுபாடு காணாமல் இருந்திருக்கிறேன்!

அன்றிரவு பதினொன்று பிடித்தோம்.

பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வண்டின் இனத்திற்கு அறிவியலார் இட்டுள்ள பெயர் பெடெரஸ். அதன் நஞ்சின் பெயர் பெடெரின். அந்த நஞ்சை வண்டு தானாக உண்டாக்குவதில்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கித் தருகின்றன. நசுக்கிய விரலால் கண்ணைக் கசக்கிவிட்டால் கண் வீங்கிச் சிவந்துவிடும். கென்யாவில் இது மிகுதியாதலால் 'நைரோபிக் கண்' என்றே அதற்குப் பெயர். எங்கள் ஊரில் இது நடந்த அதே 2022-ஆம் ஆண்டு ஜூலையில், சிக்கிம் மாநிலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஏறத்தாழ நூறு பேர் இவ்வண்டினத்தால் பாதிக்கப்பட்ட செய்தி நாளேடுகளில் வந்ததாம். அதை நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும், சிக்கிம் எங்கே நாம் எங்கே என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் பெரியவர்கள் கூடினார்கள். மருத்துவரின் சீட்டையும் அத்தர்க் குப்பியையும் முத்தவல்லி அவர்களிடம் கொடுத்தேன். குப்பி கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. தம் வாழ்நாள் முழுதும் வயலில் நின்ற முதியவர் ஒருவர் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவா? இது நம்ம வயல்ல எப்பவும் கிடக்கிறதுதானே. புகையானைத் தின்னும். மேலே பட்டா வேகும்னு எங்க அத்தா காலத்திலேயே சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் மெய். புகையான், தத்துப்பூச்சி போன்ற நெற்பயிரின் பகைவர்களைத் தின்று உழவருக்கு உதவுவதே இதன் தொழில். வயலில் உபகாரியாய் இருந்ததை எங்கள் ஆறு விளக்குகள் அழைத்து வந்து பிள்ளைகளின் கழுத்தில் ஏற்றிவிட்டன. நான்கு நாட்களாக ஊரே விவாதித்த பொருளுக்கு விடை ஊரிலேயே ஒருவரிடம் இருந்திருக்கிறது. அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு தம்பியின் அத்தா மீண்டும் அழைத்தார். "மாப்புச் செய்யுங்க ஹஜ்ரத்" என்றார். நான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தச் சனிக்கிழமைக்கு நான் மாப்புச் செய்துவிட்டேன். 2000-ஆம் ஆண்டுக்கு நீர்தாம் எனக்கு மாப்புச் செய்ய வேண்டும்" என்றேன். மறுமுனையில் அவர் அழுத ஓசை கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதுவதற்கு அவரிடம் நான் அனுமதி பெறவில்லை.

இனி, உங்கள் இல்லங்களுக்குப் பயன்படக் கூடியதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில், வயலை அடுத்த வீடுகளில், மாலையில் ஜன்னலைச் சாத்துங்கள். அல்லது கொசுவலை அடியுங்கள். நாங்கள் வெள்ளை விளக்குகளில் இரண்டை மதரஸாவின் பின்சுவருக்கு வெளியே மாற்றிவிட்டு, உள்ளே பழைய மஞ்சள் விளக்குகளையே போட்டோம். பூச்சிகள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டன. படுக்கையை உதறிவிட்டுப் படுங்கள். கட்டிலை விளக்கிற்கு நேர்கீழே போடாதீர்கள். உடம்பில் ஏறிவிட்டால் தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். ஊதிவிடுங்கள், இல்லையேல் காகிதத்தில் ஏற்றி அகற்றுங்கள். தவறி நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் விரல்களையும் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் தூய நீரால் நன்கு அலசிவிட்டு மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள். சுண்ணாம்போ, பற்பசையோ, காவியோ வேண்டாம்.

அந்த நவம்பருக்குப் பின் வீட்டில் எந்தப் பூச்சியைக் கண்டாலும் முதலில் கண்ணாடிக் குவளையால் மூடிவிடுவது என் வழக்கமாயிற்று. என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. குவளைகள் குறைகின்றன என்பார். மூடியபின் கால்களை எண்ணுகிறேன். ஆறு கால் என்றால் பூச்சியினம். எட்டு என்றால் சிலந்தி, உண்ணி வகை. அதன்பின், எந்த இடத்தில் எந்நேரத்தில் கண்டேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. சென்ற ஆண்டு மழை விட்ட மாலையில், எதிர்வீட்டு நிலைப்படி இடுக்கிலிருந்து இறக்கை முளைத்தவை கூட்டமாக வெளிவந்தன. கறையான் நிலையைத் தின்றுவிட்டது என்று அந்த அம்மையார் பதறி, தச்சரையே அழைத்துவிட்டார். ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். இடை நூலாகச் சிறுத்திருந்தது. முன்னிறக்கை நீளமாகவும் பின்னிறக்கை குட்டையாகவும் இருந்தன. மீசை முழங்கைபோல் மடிந்திருந்தது. எனவே அவை இறக்கை எறும்புகள். கறையானின் ஈசலுக்கு இடை சிறுத்திருக்காது. நான்கு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். தச்சர் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார்.

என் புத்தக அலமாரியிலும் ஒரு பழைய தவறு வெளிப்பட்டது. புத்தகத்தைக் கெடுப்பதையெல்லாம் இராமபாணப் பூச்சி என்ற ஒரே பெயரில் நாம் அடக்கிவிடுகிறோம். வெள்ளிபோல் மினுங்கி, வாலில் மூன்று இழைகளுடன் மீன்போல் வழுக்கி ஓடுகிறதே, அது தாளின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டித் தின்பது. அட்டை தொடங்கி அட்டைவரை ஆணி அடித்தாற்போல் துளையிடுவதோ வேறொரு சிறு வண்டின் புழு. முன்னதற்கு அலமாரியின் ஈரத்தைப் போக்கினால் போதும். பின்னது வந்த புத்தகத்தைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். நான் பத்தாண்டுகளாக இரண்டுக்கும் வசம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

குளவி விஷயத்தில்தான் எனக்குப் பெரிய இழப்பு. குளவி மண்கூடு கட்டினால் அவ்வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் பெண்மக்கள் சொல்வார்கள், அது போகட்டும். புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்பது எம்மைப் போன்று ஓதிக்கொடுப்போருக்கு மிகப் பிடித்த உவமை. ஆண்டுதோறும் முதல்நாள் வகுப்பில் சொல்வேன். மதரஸா ஜன்னலில் இருந்த மண்கூடு ஒன்று விழுந்து உடைந்தபோது பிள்ளைகளும் நானும் உள்ளே பார்த்தோம். சின்னஞ்சிறு சிலந்திகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை சாகவில்லை, அசையவும் இல்லை. குளவி அவற்றைக் கொட்டி முடக்கிவிட்டு, கூடவே தன் முட்டையையும் வைத்து மூடிவிடுகிறது. பொரித்து வரும் குளவிக் குஞ்சு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்கிறது. சில குளவிகள் சிலந்திக்குப் பதில் புழுவை வைக்கும். எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை. கொட்டப்பட்டது இரையாகிறது, அவ்வளவே. என் உவமை அன்றோடு முடிந்தது. பிரம்பைக் கையில் வைத்திருந்த நாட்களில் அந்த உவமையை நான் எத்தனை உற்சாகமாகச் சொல்லியிருப்பேன் என்பதை எண்ணிப் பார்த்தேன்.

தம்பி இப்போது வளர்ந்துவிட்டான். கழுத்துத் தடம் மறைந்து நெடுநாளாயிற்று. ஊரில் எங்கே புதுப்பூச்சி கண்டாலும் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு என்னிடம்தான் வருவான். சென்ற வாரம், சுவரிலிருந்து எடுத்ததாக ஒன்றைக் கொண்டுவந்தான். வெள்ளரி விதைபோல் தட்டையாக, இரு முனையும் குவிந்து, சாம்பல் நிறத்தில் மண்ணும் தூசும் ஒட்டிய ஒரு சிறு பொதி. நம் வீட்டுச் சுவர்களில் எல்லோரும் கண்டிருப்போம்; உதிர்ந்த சுண்ணாம்பு என்று விளக்குமாற்றால் தட்டியிருப்போம். அவனை உட்காரச் சொல்லிக் குவளையால் மூடிவைத்தேன். அஸரின் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியும் அது அசையவில்லை. "செத்துப்போச்சா ஹஜ்ரத்?" என்றான். பொறு என்றேன். சற்றைக்கெல்லாம் ஒரு முனையிலிருந்து கறுத்த சிறு தலையும் மூன்று இணைக் கால்களும் வெளியே வந்து, பொதியை இழுத்துக்கொண்டு நடந்தன. குவளையின் ஓரத்தில் முட்டியதும் தலை உள்ளே மறைந்தது. சிறிது பொறுத்து மறுமுனையிலிருந்து அதே தலை வெளிவந்து எதிர்த்திசையில் நடந்தது. அந்தப் பொதிக்குள்ளேயே திரும்பிக்கொள்கிறது! ஒருவகை அந்துப்பூச்சியின் புழு அது. பழைய ஒட்டடையையும் உதிர்ந்த முடியையும் தின்று வாழ்வது.

தம்பி குவளையை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. பாங்கு சொன்னதும், அதை எடுத்த சுவரிலேயே விட்டுவிட்டு ஒளூச் செய்து வரச் சொன்னேன்.